நின்றபடியா, படுக்கவைத்தா? குதிரைக்கு ஆபரேஷன் என்றால் எந்த மயக்கம்

எங்கள் பெட்டைக்குதிரைக்குச் சூலகத்தில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்ததும் டாக்டர் இரண்டு வழி சொன்னார். முழு மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்து எடுக்கலாம். அல்லது அரைமயக்கத்தில் நிற்கவைத்தே விலாப்பக்கம் மரக்க ஊசி போட்டு, லேப்ராஸ்கோப் (சின்னத் துளை வழியே உள்ளே விடும் கேமராக் குழாய்) விட்டு எடுக்கலாம். இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முழு மயக்கத்தின் சாதகம் விளக்கவே வேண்டாம். குதிரை அசையாது, வலி தெரியாது, சர்ஜனுக்கு வசதி. சைலசின் போட்டுத் தணித்து, கெட்டமினும் டயசிபாமும் கொடுத்துச் சாய்த்து, மூச்சுக்குழாயில் குழாய் விட்டு ஐசோஃபுளூரேன் என்ற மயக்க வாயுவில் வைப்பது வழக்கமான முறை. ஐந்நூறு கிலோ உடம்பு ஒரே பக்கம் அழுந்திக் கிடப்பதால் ரத்தம் ஓடாமல் தசை கெடலாம். அதனால் கனமான மெத்தை போட்டு, சராசரி ரத்த அழுத்தம் 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்காமல், அழுத்தத்தை ஏற்றும் டொபுடமின் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆபரேஷன் முடிந்தபிறகுதான் எனக்குப் பயம். நாய் கண்விழித்தால் படுத்தபடி கிடக்கும். குதிரை அப்படியல்ல, ஓடித் தப்பிப் பிழைக்கும் ஜாதி. பாதி நினைவு திரும்பியதுமே எழப் பார்க்கும், கால் ஒத்துழைக்காது. விழும், மறுபடி எழும், சுவரில் மோதும். சுவரெல்லாம் மெத்தை வைத்த அறை, தலையிலும் வாலிலும் கயிறு, அவசரப்பட்டு எழாமலிருக்கக் கொஞ்சம் சைலசினோ அதேபோல் தணிக்கும் ரோமிஃபிடினோ என்று எல்லாம் செய்தும் சில குதிரைகள் அந்த அறையில்தான் காலை முறித்துக்கொள்கின்றன. முறிந்தது நெடுங்காலெலும்பு என்றால் பெரும்பாலும் கருணைக்கொலைதான். பல நாட்டு மருத்துவமனைகளில் எடுத்து 2002-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், குடல் நோவு அல்லாத ஆபரேஷன்களிலேயே நூற்றுக்கு 0.9 குதிரைகள் இறந்தன. மொத்த இறப்பில் கிட்டத்தட்ட கால்வாசி எலும்பு முறிவால். 2021-ல் வந்த அடுத்த சுற்றின் முதற்கட்ட முடிவில் அந்த 0.9 என்பது 0.6 ஆனது, நிற்கவைத்துச் செய்தவற்றில் 0.2. நிற்கவைப்பது பெரும்பாலும் சின்ன வேலைகளுக்கு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைப்பது முழு நியாயமில்லை. இருந்தாலும், விழாத குதிரைக்கு எழும் ஆபத்து இல்லையே.

எங்கள் குதிரைக்கு நின்றபடியே தணிக்கும் மருந்தான டெட்டோமிடின் சொட்டாக ஏற, கூடவே வலி குறைக்கும் பியூட்டார்ஃபனால். தலை முழங்கால் வரை தொங்கியது, கீழுதடு தளர்ந்தது, பின்னங்கால்கள் தானாக அகன்றன. தலை அதிக நேரம் தொங்கினால் மூக்குக்குள் வீங்கும் என்று ஒரு தாங்கியில் ஏற்றிவைத்தார்கள்; காதில் பஞ்சு, கண்ணுக்குத் துணி. விலா மரத்திருந்தும் சூலகத்தை இழுத்ததும் காலை மாற்றி வைத்தது. உள்ளேயே சூலகத் தண்டில் மரக்கும் மருந்தை ஏற்றிய பிறகுதான் அடங்கியது. தூங்குகிறது என்று நம்பி யாரும் பின்னால் போகக்கூடாது. அரைமயக்கத்திலும் குறி தப்பாமல் உதைக்கும்.

இதிலும் குறை உண்டு. இந்த மருந்துகள் குடலை மந்தமாக்கும்; சாணி போடும்வரை நமக்கு நிம்மதி இல்லை. தெளிவு திரும்பும்முன் தீனி வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தொட்டாலே துள்ளும் குதிரைக்கும் குட்டிக்கும் இது சரிப்படாது. குடல் முறுக்கிக்கொண்டால் யோசிக்கவே இடமில்லை, முழு மயக்கம்தான்.

இடைவழி ஒன்றும் உண்டு: வாயு இல்லாமல், நரம்பூசியிலேயே வெளியிடத்தில் படுக்கவைப்பது. விரையடிப்பு போன்ற குறுகிய வேலைக்குப் போதும் என்பது நான் பார்த்த அளவில் சரி. அதற்குமேல் பேச எனக்கு அனுபவம் போதாது.

படுக்கவைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், ஆபரேஷனைப் பற்றிக் கேட்பதைவிட எழுப்பும் அறையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தரை வழுக்குகிறதா, கயிறு பிடிக்க யார் இருப்பார்கள், எழுந்து நிற்கும்வரை கூடவே இருப்பார்களா என்று கேளுங்கள்.