பவர் சப்ளை எந்தக் கம்பனி?

உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு உரும்பிராயில் வீட்டோடு இருக்கும் மருமகனுக்கு, திரையும் யூ.பி.எஸ்ஸும் அடங்கலாக மூன்றரை இலட்சம் ரூபாய்க்குள் ஒரு கேமிங் கணினி பூட்டுவித்துத் தருவதாக அக்காவிடம் ஒப்புக்கொண்டதனால், சென்ற ஆண்டு சித்திரையில் யாழ்ப்பாண நகரிலுள்ள கடையொன்றுக்கு மூன்று தடவை போய்வர நேர்ந்தது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கினால் சில ஆயிரங்கள் மிஞ்சும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பழுதென்று வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போவது யார் என்று கேட்டதற்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

கடையில் முதலில் எழுதித் தந்த பட்டியல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரைசன் 5 5600ஜி புரொசசர், பி450 மதர்போர்ட், ஒரே துண்டாக 16 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்ட், முன்புறம் முழுவதும் கண்ணாடியால் மூடிய, ஆறு வண்ண விசிறிகள் சுழலும் பெட்டி. கடைசி வரியில் "பவர் சப்ளை 600 வாட்" என்று மட்டும் எழுதியிருந்தது. மற்றவற்றுக்கெல்லாம் மொடல் இலக்கம் வரை எழுதிய கை இந்த ஒரு வரியில் ஏன் கம்பனிப் பெயரை விட்டது என்று கேட்டேன். "அண்ணை, எல்லாம் ஒண்டுதான், ஆறு மாச வாரண்டி இருக்கு" என்றார் அங்கிருந்த தம்பி. மற்றப் பாகங்களுக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் எழுதும் கடை, அவை அனைத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பாகத்துக்கு ஆறு மாதம் மட்டும் எழுதுவதிலேயே அதன் தரம் தெரிந்துவிடுகிறது.

நம் ஊரில் இது சிறிய விடயமன்று. 2022 இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலம் கடந்துவிட்டாலும், மழைக்காலத்தில் மின்சாரம் சட்டென்று போய்ச் சட்டென்று திரும்புவது இன்னும் வழக்கமாகவே இருக்கிறது. அந்த அடியை முதலில் வாங்குவது பவர் சப்ளைதான். 600 வாட் என்ற எண்ணும் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. 4060 கார்ட்டின் மின்தேவை 115 வாட், புரொசசரின் மதிப்பீடு 65 வாட். மற்றவற்றையும் சேர்த்தாலும் 300ஐத் தாண்டுவது அரிது. பெயரில்லாத 600ஐவிட, பெயருள்ள 550 வாட் நமக்குப் போதும். "80 பிளஸ்" முத்திரையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை அளக்கிறதே தவிர, பாதுகாப்புச் சுற்றுகள் வேலை செய்யுமா என்பதை அளப்பதில்லை. அந்தச் சோதனை நடப்பதும் 23 பாகை வெப்பநிலையை ஒட்டித்தான். உரும்பிராயில் சித்திரை மத்தியானத்தில் அப்படியோர் அறை யாரிடமும் இல்லை.

புரொசசர் விடயத்தில் கடைக்காரரோடு நீண்ட நேரம் வாதாட வேண்டியிருந்தது. கார்ட் பழுதாகி வாரண்டிக்குக் கொழும்பு போனாலும் திரையில் படம் வரும் என்பது 5600ஜிக்கு அவர் சொன்ன நியாயம். அதை மறுக்க முடியாது, ஏனெனில் வெறும் 5600இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. ஆனால் 5600இல் எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேகச் சிறு நினைவகம்) 32 எம்பி, 5600ஜியில் அதில் பாதி. அத்தோடு 4060 கார்ட், மதர்போர்ட்டோடு அதைச் சேர்க்கும் பிசிஐஇ இணைப்பில் எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்துவது. 5600ஜியும் பி450 போர்ட்டும் அந்த இணைப்பின் நான்காம் தலைமுறைக்குப் போகாமல் மூன்றாம் தலைமுறை வேகத்தோடு நின்றுவிடுவதால், அந்தக் கார்ட்டுக்குக் கிடைக்கும் பாதை பாதியாகச் சுருங்கிவிடும். கார்ட்டிலுள்ள 8 ஜிபி நினைவகம் நிரம்பும் விளையாட்டுகளில் இந்தக் குறை நன்றாகத் தெரியும். ஆகவே 5600உம் பி550 போர்ட்டும் என்று மாற்றச் சொன்னேன். மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள், விலை வித்தியாசத்தையும் நேர்மையாகவே போட்டார்கள்.

12 ஜிபி உள்ள பழைய 3060 கார்ட் ஒன்றையும் மலிவாகத் தருவதாகச் சொன்னார்கள். நினைவகம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் அது 170 வாட் கேட்பது, அந்த வெப்பமும் சின்ன அறைக்குள்தான் இறங்கும். முன்பு அது கிரிப்டோ மைனிங்கில் (கணினியை ஓடவிட்டு மின்நாணயம் ஈட்டும் வேலையில்) இரவுபகலாக ஓடியதா என்பதற்கும் சரியான பதில் வரவில்லை. வேண்டாம் என்றுவிட்டேன்.

ராமை இரண்டு 8 ஜிபி துண்டுகளாக மாற்றினோம். ஒரே துண்டு போட்டால் நினைவகத்துக்குத் தரவு போய்வரும் பாதை பாதியாகிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குப் பதிலாக, முன்புறம் வலைத்தட்டும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ள பெட்டி. மருமகனின் முகம் சற்று வாடியது. மூன்று கிழமை கழித்து அந்த வடிகட்டியில் படிந்திருந்த செம்மண் புழுதியைப் பார்த்தபின் அவன் வண்ண விளக்குகளைப் பற்றிப் பேசவில்லை.

பூட்டும் வேலையில் இந்தக் கடையைக் குறை சொல்ல இடமில்லை. வயர்களைப் பின்புறமாக இழுத்துக் கட்டிய ஒழுங்கும், ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கத்தையும் சிட்டையில் எழுதித் தந்த பொறுப்பும் பாராட்டத்தக்கவை. யூ.பி.எஸ்ஸைச் சோதிக்க, விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கவேண்டும் என்று நான் கேட்டதற்கும் சம்மதித்தார்கள், ஏனெனில் மின்சாரம் போனதும் மலிவான யூ.பி.எஸ் தரும் படிக்கட்டு வடிவ மின்சார அலையை ஏற்காமல் சில நல்ல பவர் சப்ளைகள் அணைந்துவிடுவதுண்டு. எங்களுடையது அணையவில்லை.

குறை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் 3200 வேக ராம் 2666இல் ஓடிக்கொண்டிருந்தது. மதர்போர்ட்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயோஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை யாரும் இயக்கியிருக்கவில்லை. நொடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கக்கூடிய 144 ஹெர்ட்ஸ் திரையும் விண்டோஸில் 60இலேயே நின்றது. இரண்டும் ஐந்து நிமிட வேலை என்றாலும், பூட்டுக்கூலி வாங்கியவர்கள் செய்து தரவேண்டிய வேலை. விபரம் தெரியாதவர் ஆண்டுக்கணக்கில் அப்படியே விளையாடிக்கொண்டிருப்பார். குளிரூட்டிய கடையில் 64 பாகை காட்டிய கார்ட் வீட்டில் மத்தியானம் 76ஐத் தொட்டதும் இன்னொரு விடயம். அது ஆபத்தான அளவல்ல, ஆனால் வெப்பச் சோதனையைக் கடைக்குள் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவதில் பயனில்லை.

மதர்போர்ட்டில் இன்னும் இரண்டு ராம் துளைகள் காலியாக இருக்கின்றன. தைப்பொங்கலுக்குக் கைக்கு வரும் காசில் அவற்றையும் நிரப்பவேண்டும் என்கிறான் மருமகன். அதே கடைக்குத்தான் போவோம். இம்முறை பயோஸைத் திறந்து பார்த்த பிறகே காசு கொடுப்போம்.