8×42 பைனாகுலர்: நான்கு வலசைப் பருவங்களுக்குப் பிறகு

இந்த 8×42 பைனாகுலரின் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ. அகலம்) விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னுடையது இரண்டாம் முறையாகப் பழுதுபார்த்துத் திரும்பிய வாரத்தில் கேட்டதால், பதில் சூடாகத்தான் வரும்.

கோளாறு ஒன்றுதான்: டயாப்டர் வளையம், அதாவது இரண்டு கண்களின் பார்வை வித்தியாசத்தைச் சரிக்கட்டும் வளையம். வலக்கண்ணுக்கேற்ப ஒருமுறை திருப்பி வைத்தால் அது அசையக் கூடாது. இதில் பூட்டு கிடையாது. உள்ளிருக்கும் கிரீஸின் பிடியில் மட்டும் நிற்கிறது. வெயிலில் மூடிய காருக்குள் கிடந்தால் கிரீஸ் இளகிவிடும். கண் வைத்துப் பார்க்கும் முனையில் ஏற்றி இறக்கும் கண்குவளையைத் திருகும்போது, அதை ஒட்டியுள்ள வளையமும் கூடவே நகரும். பள்ளிக்கரணைச் சேற்றில் நிற்பது பொரி உள்ளான் என்ற நீர்க்கரைப் பறவைதான் என்று சொல்ல, மஞ்சள் கலந்த கால்களையும் கண்ணைத் தாண்டி நீளும் வெள்ளைப் புருவத்தையும் பார்த்தாக வேண்டும். வளையம் மயிரிழை நகர்ந்தாலே அந்தப் புருவம் கரைந்துவிடும். பனிமூட்டம் என்று நினைத்துக்கொண்டே அரைமணி நேரம் பார்த்தால் தலைவலிதான் மிச்சம்.

சரிசெய்ய, முப்பது மீட்டர் தள்ளியுள்ள எழுத்துப் பலகையைப் பாருங்கள். வலது முன்லென்ஸை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் டயாப்டரை மட்டும் திருப்புங்கள். கண்ணை இடுக்க வேண்டாம்; மற்றக் கண்ணும் சுருங்கி அளவு தப்பும். சரியான இடத்தில் வளையத்துக்கும் குழலுக்கும் குறுக்கே நகப்பூச்சில் ஒரு கோடு போடுங்கள். கோட்டின் முனைகள் தெரியும்படி, பழைய சைக்கிள் டியூபில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய பட்டையை மாட்டிவிடுங்கள். இரண்டு சர்வீஸும் தராத பிடிப்பை இந்த ரப்பர் தருகிறது.

லென்ஸைக் குறை சொல்ல வாயில்லை. இரண்டு மீட்டர் அருகில் இருப்பதும் தெளிவாகத் தெரிகிறது; கண்ணுக்கு வெளிவரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ. (42-ஐ 8-ஆல் வகுத்தது), அதனால் மங்கிய வெளிச்சத்திலும் படம் துலங்கும். கொல்லைப்புற மாமரத்தடியில் வெளிச்சம் மங்கும் வேளையில் ஆறுமணிக்குருவி வரும். சருகை அலகால் புரட்டிவிட்டு ஒரு கணம் அசையாமல் நிற்கும். அடிவயிற்றுச் சிவப்பு, இறக்கை நீலம், அலகில் ஒட்டிய ஈரமண் எல்லாம் தெரியும். வெறும் கண்ணுக்கு அது சருகோடு சருகு.

மழைக்காலத்தில் தோல் உறையில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

இவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தும், இந்த விலைக்கும் வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். டயாப்டருக்குப் பூட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே கண்குவளையைப் பத்துமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். வளையம் நகர்ந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.