கலிபர்: எங்கள் ஊரில் எல்லோரும் எழுத்தாளர்கள்

பங்குனி வெயிலில் ஒரு ஆச்சி கடைக்கு வந்தார். கண்ணாடி மேசையில் கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு, "பிள்ளை, காணிப் பெர்மிற்றின்ர கொப்பி ஒண்டு உம்மட்டை வைக்கச் சொல்லித் தந்தனான், கிடக்கோ?" என்றார். கிடந்தது. எனக்கு ஆச்சியையும் ஞாபகம், பெர்மிற்றையும் ஞாபகம், அதன் மூலையில் இருந்த தேத்தண்ணிக் கறைகூட ஞாபகம். மடிக்கணினியில் அது எந்தப் பெயரில் கிடக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. ஒன்றேகால் மணித்தியாலம் தேடினேன். ஆச்சி வாங்கில் இருந்தபடியே ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழும்பிவிட்டார். கடைசியில் 'ஸ்கான்' என்ற சொல்லும் நாலு இலக்கமும் மட்டுமே பெயராக, ஒரு கலியாண அழைப்பிதழுக்கும் உர மானியப் படிவத்துக்கும் நடுவில் அது இருந்தது.

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்தில் சின்னதாக ஒரு கடை எனக்கு. போட்டோக்கொப்பி, தட்டச்சு, ஸ்கான், லமினேற்றிங். "ஒரு கொப்பி நீரும் வச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களால்தான் இந்தத் தொல்லை. தொல்லை என்று சொல்லவும் மனம் வருவதில்லை. 2009இல், போரின் கடைசியில், வட்டுவாகல் பாலத்தால் வந்தவர்களில் பலருக்கு மிஞ்சியது உடுத்த உடுப்பும் ஒரு சொப்பிங் பையும்தான். அந்தப் பைக்குள் இருந்தவை கடதாசிகள். அதிலும் எத்தனையோ நனைந்து கூழாகிவிட்டன. பிறகு 2018 மார்கழி வெள்ளம். ஆகவே இங்கே ஒரு கடதாசியை மூன்று இடத்தில் வைப்பார்கள். நாலாவது இடம் என் கடை.

அன்றிரவே, கடதாசிகளை அடுக்கித் தேடித் தர ஒரு இலவச மென்பொருள் தேடத் தொடங்கினேன். சிலதைப் பார்த்துக் கடைசியில் தங்கியது கலிபரில். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. காசு கேட்கக்கூடாது. இணையம் இல்லாமலும் ஓடவேண்டும். ஆட்களின் அடையாள அட்டைக் கொப்பிகளை எந்த நாட்டிலோ இருக்கும் கணினியில் ஏற்றிவைக்க எனக்கு என்ன உரிமை? அதனால் 'கிளவுட்' வகை எல்லாம் முதலிலேயே வெட்டு. அப்புறம் முக்கியமானது: பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) இலக்கம், கிராம அலுவலர் பிரிவு, கடதாசி வகை, திகதி என்று நான் கேட்கிற நிரல்களை, அதாவது அட்டவணைக் கொலங்களை, நானே போட்டு, அவற்றை வைத்தே தேடவேண்டும்.

ஏன் நிரல்? உள்ளே இருக்கிற எழுத்தையே கணினி வாசித்துத் தேடாதா என்று வெளிநாட்டில் இருக்கும் என் மச்சான் கேட்டார். தேடும்தான். டெசராக்ட் என்ற இலவச எழுத்துணரிக்குத் தமிழும் தெரியும். நல்ல அச்சில் இருக்கிற கடிதத்தைப் பரவாயில்லாமல் வாசிக்கிறது. எங்களுடைய கடதாசி அப்படியானது இல்லையே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த பழைய பெர்மிற்றுகளில் அச்சு எழுத்து இருப்பது படிவத்தில்தான். ஆளின் பெயர், ஏக்கர், எல்லை, பின்னுரித்தாளர் எல்லாம் மை பேனாக் கையெழுத்து. எழுத்துணரி அந்த இடத்தில் ஊமையாகிவிடும்.

இதைவிட மோசம் பாமினி. நான் பத்து வருடமாகத் தட்டச்சுச் செய்த கடிதங்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. கண்ணுக்கு அது தமிழ்; கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். 'அம்மா' என்று நான் அடித்தது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். இப்போது எல்லோரும் பாவிக்கும் பொதுக் குறிமுறையான யூனிகோட்டில் 'அம்மா' என்று தேடினால் ஆயுளுக்கும் அகப்படாது. ஆகவே உள்ளடக்கத் தேடலை நம்பி எங்களுக்கு வேலை ஆகாது. கடதாசியைப் பார்த்து ஒருவர் கையால் நிரப்பத்தான் வேண்டும். அந்த நிரப்பும் வேலையை எது சுலபமாக்குகிறதோ அதுதான் எனக்கு நல்ல மென்பொருள்.

முதலில் பார்த்தது எவ்ரிதிங். விண்டோசில் கோப்புப் பெயரைக் கண்மூடித் திறக்கமுன் தேடித் தரும் சின்ன மென்பொருள். சரி, எல்லா விவரத்தையும் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுவோம் என்று இரண்டு கிழமை எழுதினேன். பெயர் முழநீளத்துக்கு வளர்ந்தது. உறைகளின் (போல்டர்களின்) பெயரும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பழக்கத்தில் இன்னும் வைத்திருக்கிறேன், ஆனால் வேறு வேலைக்கு.

அடுத்தது சொட்டெரோ. அமெரிக்காவில் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கியது. ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர்களுக்கென்றே பிறந்தது. குறிச்சொல் போடலாம், நிறம் கொடுக்கலாம், கடிதம் என்று ஒரு வகைகூட உண்டு. எனக்குப் பிடித்தது. ஆனால் புலங்கள், அதாவது விவரம் நிரப்பும் பெட்டிகள், அவர்கள் வைத்தவைதான். 'கிராம அலுவலர் பிரிவு' என்று புதிதாக ஒன்று சேர்க்க இடமில்லை. 'எக்ஸ்ட்ரா' என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் திணிக்கவேண்டும். சீமெந்துப் பைக்குள் சட்டி பானை, உடுப்பு, பாய் எல்லாம் போட்டுக் கட்டுகிற மாதிரி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்காவின் மகளுக்கு அதைக் காட்டினேன், இப்போது அவள் அதில்தான் இருக்கிறாள்.

பேப்பர்லெஸ் என்.ஜி.எக்ஸ். பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. இந்த வேலைக்கென்றே செய்தது அதுதான். ஸ்கான் பண்ணி ஒரு உறைக்குள் போட்டால் தானே எடுத்து, வாசித்து, யார் அனுப்பியது, என்ன வகை என்று பிரித்து வைக்கும். சொந்தப் புலங்களும் உண்டு. கடதாசிக்கு ஒரு தொடர் இலக்கம் கொடுத்து, அதே இலக்கத்தைப் பெட்டியில் இருக்கும் மூலக் கடதாசிக்கும் போடும் ஏற்பாடு அருமை. ஆனால் அதை விண்டோசில் ஓட்ட டொக்கர் என்ற இன்னொரு மென்பொருளைப் பூட்டவேண்டும். என் மடிக்கணினியில் இருப்பது நாலு ஜீ.பீ. நினைவகம். பூட்டினேன், மின்விசிறி உழவு மெசின் மாதிரிச் சத்தம் போட்டது, அதே நேரத்தில் போட்டோக்கொப்பி அடிக்க வழியில்லை. ஒரு சங்கத்துக்கோ நூலகத்துக்கோ தனியாக ஒரு கணினியும், கணினி தெரிந்த ஒரு பெடியனும் இருந்தால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். கடைக்கு ஆகாது.

கடைசியில் அகப்பட்டதுதான் கலிபர். இது மின்னூல் அடுக்கி வைக்கும் மென்பொருள். கோவிட் கோயல் என்பவர் 2006இல், சோனியின் மின்னூல் கருவியை லினக்ஸ் கணினியில் பயன்படுத்த வழியில்லை என்று தன் தேவைக்குத் தொடங்கியது. காணி, பெர்மிற், கச்சேரி (மாவட்டச் செயலகம்) என்று ஒன்றும் அதற்குத் தெரியாது. தெரியாததே நல்லதாகப் போயிற்று. விருப்பத்தேர்வுகளுக்குள் சொந்த நிரல் சேர்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். திகதி வகை, ஆம்-இல்லை வகை, எண் வகை, காற்புள்ளியால் பிரித்த சொற்கள் என்று வகைவகையாக உண்டு. தலைப்பைத் தமிழில் வைக்கலாம். தேடலுக்கு அது கேட்கும் உட்பெயர் மட்டும் சின்ன ஆங்கில எழுத்தில் இருக்கவேண்டும். சேர்த்தவுடன் ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லும்.

எனக்கு மிகவும் பிரயோசனப்பட்டது 'இந்தச் சொற்களைத் தவிர வேறு எழுத முடியாது' என்ற நிரல் வகை. ஊர்ப் பெயரில்தான் எங்களுக்குக் குழப்பம் கூட. புதுக்குடியிருப்பை ஒருவர் முழுதாக எழுதுவார், இன்னொருவர் பீ.ரீ.கே. என்பார். தர்மபுரமா தருமபுரமா என்று ஊருக்குள்ளேயே ஒருமுடிவு இல்லை. பட்டியலை ஒருமுறை எழுதிவிட்டேன். இனி அதில் இருந்து தெரிவுசெய்தால் சரி. கடையில் உதவிக்கு நிற்கும் பிள்ளை நிரப்பினாலும் பிழைக்காது. இடப்பக்கப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் எத்தனை கடதாசி என்று எண்ணும் காட்டும்.

ஐ.சி. இலக்கத்துக்கு ஒரு சூட்சுமம் சொல்கிறேன். 2016இல் இருந்து புதிய அட்டைகள் 12 இலக்கத்தில் வருகின்றன. பழையது ஒன்பது இலக்கமும் 'வீ' எழுத்தும். ஆகவே ஒரே ஆளின் பழைய பெர்மிற்றில் ஒரு இலக்கம், போன மாதக் கடிதத்தில் வேறு இலக்கம். முழுதாகத் தேடினால் ஒன்று வந்து மற்றது வராது. ஆனால் பழைய இலக்கத்தைப் புதியதாக்கும்போது முன்னால் 19 சேர்கிறது, ஐந்தாவது இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பூச்சியம் நுழைகிறது, 'வீ' போய்விடுகிறது. கடைசி நாலு இலக்கமும் அப்படியே இருக்கும். கலிபர் சொல்லின் நடுவில் இருப்பதையும் தேடிப் பிடிப்பதால், கடைசி நாலையும் ஊரையும் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வந்து நிற்கும். இதே காரணத்தால் தமிழ்ச் சொல்லையும் அரைவாசியில் விடவேண்டும்: 'பத்திரம்' என்று தேடினால் 'பத்திரத்தின்' வராது, 'பத்திர' என்றால் இரண்டும் வரும்.

இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவில்லை. பீ.டி.எவ். கோப்பின் முதல் பக்கத்தையே அட்டைப்படமாக எடுத்துவிடுகிறது. படங்களாக விரித்து வைத்துத் திரையைத் திருப்பிக் காட்டினால், எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் "இந்தா, இதுதான்" என்று தேத்தண்ணிக் கறையைப் பார்த்தே தொட்டுக் காட்டுகிறார்கள்.

குறைகளும் உண்டு. பெயர் போடும் நிரலின் பெயர் 'எழுத்தாளர்'. ஆகவே என் கணினியில் தருமபுரத்துக் கமக்காரர் எல்லோரும் எழுத்தாளர்கள். கல்லாற்றில் மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கிறார்கள். அதுமட்டுமில்லை, பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று நினைத்து முன்னுக்குத் தூக்கி அடுக்கும். தகப்பன் பெயரை முன்னால் வைக்கும் எங்களுக்கு அது தலைகீழ். அமைப்புக்குள் போய் 'உள்ளபடியே அடுக்கு' என்று மாற்றவேண்டும். நான் அறுநூறு கடதாசி ஏற்றிய பிறகுதான் அதைக் கண்டேன். கோப்புகளைத் தன் நூலக உறைக்குள் பிரதி எடுத்து வைப்பதால் இடம் இரட்டிப்பாகும், ஏற்றிய பிறகு பழையதை அழித்துவிடலாம். அந்த உறைக்குள் போய்க் கையால் எதையும் நகர்த்தக்கூடாது. தமிழ்ப் பெயர்களை உறைப் பெயராக்கும்போது ஆங்கில எழுத்துக்கு மாற்றி வைக்கும் பாருங்கள், எங்கள் ஆட்களின் பெயரை அவர்களே அடையாளம் காணமாட்டார்கள். உறைப் பெயரின் முடிவில் அடைப்புக்குள் ஒரு இலக்கம் இருக்கும். அதை நான் பேப்பர்லெஸ்ஸில் பார்த்த மாதிரியே பயன்படுத்துகிறேன்: அந்த இலக்கத்தை ஆளின் பிளாஸ்ரிக் உறையில் மார்க்கரால் எழுதிக் கொடுப்பேன். அடுத்தமுறை இலக்கத்தைச் சொன்னாலே போதும்.

படமாக எடுத்தால் சுலபமாக ஏறாது, பீ.டி.எவ். ஆக்கவேண்டும். அதற்கு நாப்ஸ் 2 என்ற இன்னொரு இலவச மென்பொருள் வைத்திருக்கிறேன். ஸ்கானரில் இருந்து நேரே எடுத்து, பல பக்கங்களை ஒன்றாக்கித் தரும். அதைப் பற்றி முறைப்பாடு ஒன்றுமில்லை.

கரண்ட் சட்டென்று போகும் ஊரில் ஒரு பயம் இருந்தது: தரவுத்தளம் உடைந்தால் நிரப்பியதெல்லாம் போய்விடுமே? ஒவ்வொரு கடதாசியின் விவரத்தையும் அதனதன் உறைக்குள்ளும் ஒரு சின்னக் கோப்பாக எழுதி வைக்கிறது. அதிலிருந்து தரவுத்தளத்தை மீளக் கட்டலாம். ஒரு பழைய பிரதியை வேண்டுமென்றே பழுதாக்கிப் பார்த்தேன், திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமைகளில் முழு நூலகத்தையும் வெளி வன்தட்டில் எடுத்து, வேராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளால் பூட்டி, வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். வைக்கவேண்டாம் என்று யாராவது சொன்னால் முன்னாலேயே அழித்துக் காட்டுவேன்.

இப்போது உள்ளே 2,300 கடதாசி அளவில் இருக்கிறது, இழுபறி இல்லை. ஆச்சி வைகாசியில் திரும்ப வந்தபோது வாங்கில் இருக்கவே நேரம் கிடைக்கவில்லை. "என்ன பிள்ளை, முதலே எடுத்து வச்சிருந்தனீரோ?" என்று கேட்டார்.

நிரல்களில் ஒன்றுக்கு 'மூலம் எங்கே' என்று பெயர் வைத்திருந்தேன். தொடக்கத்தில் நாலு விடைகள்தான் கொடுத்தேன்: கையில், வங்கியில், உறவினரிடம், இல்லை. போரின் கடைசிக் கட்டம் நடந்த மாத்தளன் பக்கமிருந்து வந்து கல்லாற்றில் இருக்கும் ஒரு ஐயாவிடம் கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். "இல்லையெண்டு போடாதேயும் பிள்ளை. புதைச்சனான். இடம்தான் தெரியேல்லை" என்றார். மூடித் திறந்து ஐந்தாவதாக 'புதைத்தது' என்று சேர்த்தேன். நேற்றுப் பார்த்தபோது அதன் பக்கத்தில் 14 என்று இருந்தது.