அந்த வீடியோவில் இருப்பது இந்தக் கடை இல்லை

போளூர் பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கிற இந்த மெஸ்ஸுக்கு நான் ஏற்கெனவே ஒரு விமர்சனம் போட்டிருந்தேன். ஒரே நட்சத்திரம், ஒரே வரி: "எலி ஓடுற கடை, யாரும் போகாதீங்க." அதை எழுதிய அன்றுவரை இந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததே இல்லை. தினமும் அதே தெருவில் வண்டியில் போகிறவன், வாசலில் கொத்து போடுகிற சத்தம் காதில் விழும், அவ்வளவுதான் பழக்கம். குடும்ப குரூப்பில் வந்த வீடியோவைப் பார்த்த சூட்டில் எழுதினேன். அந்த வரியை அழித்துவிட்டு, அதே இடத்தில் இதை எழுதுகிறேன்.

வீடியோவை இந்த ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. 20 நொடிகூட இருக்காது. மாவு அண்டா விளிம்பில் ஒரு எலி ஏறுகிறது, யாரோ சிரிக்கிறார்கள், கேமரா வெளியே வந்து பெயர்ப் பலகையைக் காட்டுகிறது. பெயர் நம்ம ஊர்க் கடையின் பெயரேதான். ஆனால் அது சாமி பெயர், அந்தப் பெயரில் தாலுகாவுக்கு இரண்டு மெஸ்ஸாவது இருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் அதன் கீழே "போளூர், உஷார்" என்று சேர்த்து, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணனின் படத்தை எங்கிருந்தோ பிடித்து, முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டமும் போட்டுச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்.

எனக்கு வரும்போதே அதில் இரட்டை அம்புக்குறி இருந்தது. பல கை மாறி வந்த செய்தி என்று வாட்ஸப் காட்டுகிற அடையாளம் அது, அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும், 2020 ஏப்ரலில் கொண்டுவந்த கட்டுப்பாடு. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆபீஸ் குரூப்புக்கு ஒரு முறை, தெரு குரூப்புக்கு ஒரு முறை, பையனுடைய பள்ளிப் பெற்றோர் குரூப்புக்கு ஒரு முறை என்று பொறுமையாக மூன்று தடவை அனுப்பினேன்.

நாலு நாள் கழித்துப் பையன்தான் பலகை வரும் இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டினான். "அப்பா, கீழ இருக்கிறது கன்னடம்ப்பா." வாசலில் நின்ற ஸ்கூட்டரின் நம்பரும் கேஏ என்றுதான் ஆரம்பிக்கிறது. பத்து தடவை பார்த்திருப்பேன், எலியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். உடனே அழிக்கப் போனால், எல்லோருக்குமாக அழிக்கிற வசதி இரண்டு நாள் சொச்சம்தான், அது எப்போதோ முடிந்துவிட்டது.

அன்று ராத்திரியே சாப்பிடப் போனேன். எட்டு மணிக்கு இருபது பேர் உட்காரும் இடத்தில் நானும் ஒரு லாரி டிரைவரும் மட்டும். உள்ளே போனதும் கண்ணில் பட்டது சமையல்கட்டு. கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள், எந்த மேசையில் உட்கார்ந்தாலும் மாவு, அடுப்பு, பாத்திரம் எல்லாம் தெரிகிறது. கல்லாவுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டிய உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் வாசலுக்கு வந்துவிட்டது, 14 இலக்க எண்ணைப் பேனாவால் தடித்து வேறு எழுதியிருக்கிறார்கள்.

சரி, சாப்பாடு. புரோட்டா 15 ரூபாய், இரண்டு கையாலும் தட்டிப் போடுகிறார்கள், பிய்த்தால் ஏடு ஏடாக வருகிறது. முட்டை தோசை ஓரம் முறுகி, நடு மெத்தென்று இருந்தது, இந்தக் கடையில் நான் இன்னொரு தடவை வாங்கப்போவது அதைத்தான். சேர்வா சுமார். பட்டை தூக்கல், தேங்காய் குறைவு, தண்ணியாக ஓடுகிறது, கேட்டால் இரண்டாவது கரண்டி முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள். கை கழுவும் இடத்தில் சோப்பு தீர்ந்திருந்தது, இவ்வளவு நடந்த பிறகும் அதைக் கவனிக்காமல் விட்டது சரியில்லை.

போளூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 2018 மே மாதம் அத்திமூரில் என்ன நடந்தது என்று. குலதெய்வம் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் வழி கேட்டு நின்ற இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று போனுக்குப் போன் வதந்தி ஓடிக்கொண்டிருந்த நேரம். அடித்த அடியில் 60 வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் செத்துப்போனார். அதையும் படம் பிடித்தார்கள், அதுவும் போன் போனாகச் சுற்றியது. அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒரு மனிதரை இதே சந்தேகத்தில் கொன்றார்கள். அந்த வருஷம் ஜூலையில்தான் இந்தியாவில் ஃபார்வர்டை ஐந்து பேருக்கு என்று குறைத்தது வாட்ஸப். எங்கள் ஊரே தலைகுனிந்த விஷயம், அப்போது நானும் வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன், விசாரிக்காமல் எவனோ அனுப்பினானே என்று.

எலியும் ஒரு சாவும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். ஆனால் அனுப்பிய விரல் ஒரே மாதிரிதான் வேலை செய்தது. இன்னொன்றும் யோசித்தேன்: வீடியோ நிஜமாகவே இந்தக் கடையாக இருந்திருந்தால்? அப்போதும் அதைப் பார்க்க வேண்டியவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர், அவருக்கு அனுப்பியிருந்தால் வந்து பார்த்து நோட்டீஸ் கொடுத்திருப்பார். பெற்றோர் குரூப்பில் 140 பேருக்கு அண்ணனின் முகத்தை எதற்குக் காட்டினேன் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்று குரூப்பிலும் "தவறு, இது நம் ஊர் இல்லை" என்று போட்டேன். ஆபீஸில் இரண்டு கட்டைவிரல் வந்தது. தெரு குரூப்பில் ஒருவர், "அப்போ எந்த ஊரு கடை, கண்டுபிடிச்சுப் போடுங்க சார்" என்கிறார். போடவில்லை.

பில் கொடுக்கும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டேன், நானும் அனுப்பினேன் என்று. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "எந்த குரூப்புல சார்?" என்றார். பள்ளிப் பெயரைச் சொன்னேன். "என் பொண்ணு அங்கதான் எட்டாவது படிக்குது. நாலு நாளா போக மாட்டேங்குது." அப்புறம் மீதிச் சில்லறையை எண்ணி, ஒரு ரூபாய் குறையாமல், கல்லா மேல் வைத்தார். கையில் கொடுக்கவில்லை.

நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது சேர்வாவும் சோப்பும். புரோட்டா சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டன் உண்டு.