மதுரையில் வெம்ப் டெஸ்ட் எடுத்த காது பேலன்ஸ் சென்டர்: என் அனுபவம்

டவுன் பஸ்ஸில் எனக்குக் கண்டக்டர் வேலை. ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு டிக்கெட் கொடுக்கிற ஆளுக்குத் தலைச்சுற்றல் வந்தால் பிழைப்பே போச்சு. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் வந்த சுற்றலும் வாந்தியும் சில நாளில் அடங்கிவிட்டன. ஆனால் வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தேன். காது நன்றாகவே கேட்டது. இ.என்.டி. டாக்டர் வெம்ப் (VEMP) டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். காதில் சத்தம் கொடுத்து, உள்காதின் பேலன்ஸ் உறுப்புகள் வேலை செய்கின்றனவா என்று தசையில் பார்க்கிற சோதனை அது.

முதலில் போன ஓர் இடத்தில் படுக்கவைத்து, ஒயர் ஒட்டி, சத்தம் கொடுத்து, இரண்டு பக்கமும் ரெஸ்பான்ஸ் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் அதை நம்பவில்லை. வேறு சென்டருக்கு அனுப்பினார். இந்த மதிப்பீடு அந்த இரண்டாவது சென்டரைப் பற்றியது.

அங்கிருந்த ஆடியாலஜிஸ்ட் (காது சோதனை நிபுணர்) பெண் முதலில் காதில் அழுக்கு இருக்கிறதா, செவிப்பறை சரியாக அசைகிறதா என்று பார்த்தார். நடுக்காதில் கோளாறு இருந்தால் சத்தம் உள்ளே போய்ச் சேராது, அப்புறம் ரிசல்ட்டை நம்ப முடியாது என்றார். மணல் கலந்தது போன்ற ஒரு ஜெல்லால் கழுத்தைத் தேய்த்து, காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை இறங்கும் தசையின் நடுவில் எலக்ட்ரோடு ஒட்டினார். முகத்தில் எண்ணெய், கிரீம் இல்லாமல் போங்கள். ஆண்கள் ஷேவ் செய்துகொண்டு போனால் நன்றாக ஒட்டும்.

“சார், தலையைத் தூக்கி இடது பக்கம் திருப்பிக்கோங்க. அந்தக் கோடு பச்சையிலேயே நிக்கணும்” என்றார். எதிரே திரையில், என் கழுத்துத் தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு பட்டை. வலது காதில் ‘டொக் டொக் டொக்’ என்று 500 ஹெர்ட்ஸ் சத்தம். காதுக்குள் உள்ள சாக்யூல் என்ற சிறு பை அந்தச் சத்தத்தை உணர்ந்ததும், அதே பக்கக் கழுத்துத் தசை ஒரு கணம் தளரும். 13 மில்லி செகண்டில் ஓர் அலை, 23-இல் எதிர்த்திசையில் இன்னொன்று. 1992-இல் சிட்னியில் கோல்பேட்ச், ஹல்மாகி என்ற இரண்டு டாக்டர்கள் விவரித்த முறை இது. தசை இறுகாவிட்டால் அலையே வராது. எனக்கு முதல் ரிப்போர்ட் ஏன் அப்படி வந்தது என்பது இங்கேதான் புரிந்தது. கழுத்து தளரும்போதெல்லாம் இந்தப் பெண் நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு, மறுபடி எடுத்தார். இரண்டு பக்கமும் அலை அழகாக வந்தது.

அடுத்தது கண். கண்ணுக்குக் கீழே எலக்ட்ரோடு ஒட்டி, தலையை அசைக்காமல் மேலே ஒரு புள்ளியைப் பார்க்கச் சொன்னார். இது யூட்ரிக்கிள் என்ற, காதுக்குள் உள்ள இன்னொரு சிறு பைக்கான சோதனை. வலது காதில் சத்தம் கொடுத்தால் இடது கண்ணுக்குக் கீழே 10 மில்லி செகண்டு வாக்கில் அலை தெரிய வேண்டும். எனக்கு அங்கே வெறும் தட்டைக் கோடு. இடது காதுக்கு வந்தது.

திரையை என் பக்கம் திருப்பி அவர் விளக்கிய பத்து நிமிடத்துக்காகவே இந்த இடத்தைச் சொல்வேன். பேலன்ஸ் நரம்புக்கு மேல்கிளை, கீழ்கிளை என்று இரண்டு உண்டு. சாக்யூல் பெரும்பாலும் கீழ்கிளையோடும், யூட்ரிக்கிள் மேல்கிளையோடும் சேர்ந்தது. எனக்கு வலது மேல்கிளைதான் அடிவாங்கியிருக்கிறது. காதில் வெந்நீர், குளிர்நீர் விட்டு எடுத்த இன்னொரு டெஸ்ட்டும் அதையே காட்டியது. அந்தத் தண்ணீர் டெஸ்ட்டில் நன்றாகச் சுற்றும், துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். வெம்ப்பில் எனக்குச் சுற்றவே இல்லை, கழுத்துதான் கடுத்தது.

குறைகளும் உண்டு. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கத் தாமதம். ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ் சுருக்கெழுத்து. சத்தம் ரொம்பப் பலம். காதில் இரைச்சல் உள்ளவர்களும் கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கே எடுத்தாலும், “கழுத்து இறுக்கத்தை மெஷின்ல பார்ப்பீங்களா?” என்று போனிலேயே கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். எனக்கு இப்போது தலையைத் திருப்பிக்கொண்டே கட்டைவிரலை உற்றுப் பார்க்கும் பயிற்சி நடக்கிறது. டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தற்காலிகமாகக் கொடுத்திருக்கிறார்கள்.