மாதச் சந்தா இல்லாத டிஷ்: தென்காசிப் பக்கம் பல வருஷம் ஓட்டிய அனுபவம்

"ஃப்ரீ டிஷ் மாட்டினா தமிழ்ச் சேனல் எல்லாம் வருமா?" தெருவில் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தான். வராது. டிடி தமிழ் வரும் (2024 ஜனவரி வரை பொதிகை), செய்திகள் வரும், இந்திப் படச் சேனல்கள் வரிசைகட்டி வரும். தனியார் சேனல்கள் இதில் இடம் பிடிக்க ஏலம் எடுக்க வேண்டும். அதில் முட்டி மோதுவது பெரும்பாலும் இந்திச் சேனல்கள்தான். சந்தாப் பணம் வந்துகொண்டிருக்கும் பெரிய தமிழ்ச் சேனல்களுக்கு இங்கே வந்து சேர என்ன அவசரம்? சீரியலுக்காக வாங்க நினைப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் செய்தியும் கிரிக்கெட்டும் போதும். அதனால் பல வருஷமாக இது ஓடுகிறது. டிஷ், பாக்ஸ், வயர் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதன்பிறகு மாதம் ஒரு பைசா கிடையாது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் 33 சேனலோடு, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி ஆரம்பித்த அதே சேவைதான். இப்போது 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 வழியாக வருகிறது. 93.5 டிகிரி கிழக்கில், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது நிற்கிறது.

அந்த 93.5 எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். இங்கிருந்து பார்த்தால் செயற்கைக்கோள் கிழக்கும் தென்கிழக்கும் சேரும் பக்கம், தரையிலிருந்து 68 டிகிரிக்கு மேல் தூக்கி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை இருப்பது முதுகுப்பக்கம். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் நாள் முழுக்க விழுந்தாலும் படம் அசையாது. ஐப்பசியில் இடியோடு கொட்டும் மழை வேறு ரகம்: பத்தே நிமிஷம் பெய்தாலும் போதும், திரை கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். காரணம் அலைவரிசை. வீட்டு டிஷ்ஷுக்கு வருவது 11 கிகாஹெர்ட்ஸ் அளவிலான கேயு பேண்ட். பெரிய மழைத்துளி அதை நன்றாகவே விழுங்கும். கேபிள்காரர் மாடியில் இருக்கிற பெரிய டிஷ் 4 கிகாஹெர்ட்ஸ் சி பேண்டில் வாங்குவதால் அதற்கு மழை அவ்வளவு பொருட்டல்ல.

தென்னை மறைக்குமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரமான மரத்தின் ஓலைகள் 4 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலே போதும், அதன் தலைக்கு மேலே சிக்னல் வந்துவிடும். டிஷ் அவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியவில்லையே என்று தோன்றும். இது ஆஃப்செட் டிஷ். பார்க்கும் திசை ஒன்று, முகம் காட்டும் திசை அதைவிடத் தாழ்ந்தது. டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் எல்என்பி நடுவில் நின்று மறைக்காமல் கீழ்விளிம்புக் கையில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

அந்த எல்என்பி, கட்டைவிரல் தடிமன் கழுத்தோடு சின்னதாக இருந்தாலும், பாதி வேலையைச் செய்வது அதுதான். 11,090 மெகாஹெர்ட்ஸில் வருவதை அப்படியே வயரில் அனுப்பினால் மாடிப்படி இறங்குவதற்குள் கரைந்துவிடும். அதனால் தனக்குள் 9,750 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றை உண்டாக்கி அதோடு கலக்கிறது. மிச்சம் 1,340. அதை ஆர்.ஜி.6 என்ற சாதாரண டிஷ் வயர் தாங்கும். எல்என்பிக்கு வேண்டிய மின்சாரமும் பாக்ஸிலிருந்து அதே வயரில் மேலே போகிறது: செங்குத்தாக அதிரும் அலை வேண்டுமானால் 13 வோல்ட், கிடைமட்டமாக அதிர்வது வேண்டுமானால் 18. அதனால் பாக்ஸ் ஓடும்போது வயரைக் கழற்றி மாட்டாதீர்கள். நடுக்கம்பி வெளிப்பின்னலில் பட்டால் ஷார்ட்.

பாக்ஸின் மெனுவில் இரண்டு கோடுகள் இருக்கும்: ஸ்ட்ரெங்த், குவாலிட்டி. வீட்டுக்கு வந்த மெக்கானிக் ஒருவர் முதல் கோட்டைப் பார்த்து "சிக்னல் ஃபுல்லா இருக்கு, டிவிதான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்ட்ரெங்த் என்பது வயரில் மொத்தமாக என்ன வருகிறது என்பது. இரைச்சலும் அதில் சேரும். எல்என்பிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. பக்கத்திலேயே 91.5 டிகிரியில் இன்னொரு செயற்கைக்கோள் இருப்பதால், டிஷ் தவறி அங்கே திரும்பியிருந்தாலும் ஸ்ட்ரெங்த் நிறைந்தே காட்டும். பார்க்க வேண்டியது குவாலிட்டி. வெயில் நாளில் அது எவ்வளவு என்று குறித்துவையுங்கள். அதிலிருந்து இறங்கியிருந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது.

ஸ்ட்ரெங்த்தை நம்பக்கூடாது என்பதற்கு வருஷத்துக்கு இரண்டு முறை சூரியனே சாட்சி சொல்லும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை பதினொரு மணி வாக்கில், மேகமே இல்லாத வானத்தில் சேனல்கள் சில நிமிஷம் போய்விடும். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கிற நேரம் அது. அப்போது மெனுவைத் திறந்தால் ஸ்ட்ரெங்த் குறையாமல் நிற்கும், குவாலிட்டி பூஜ்யம். சூரியனின் இரைச்சல் அத்தனையும் டிஷ் வழியாக எல்என்பியில் குவிகிறது. டிஷ்ஷுக்கு மினுமினுப்பு இல்லாத பெயின்ட் அடித்திருப்பதும் இதற்காகத்தான். பளபளப்பாக இருந்தால் வெயிலும் அங்கேயே குவிந்து எல்என்பியின் பிளாஸ்டிக் மூடியை உருக்கிவிடும்.

இத்தனை வருஷத்தில் கோளாறு என்று வந்ததெல்லாம் மாடியில்தான். எல்என்பியில் திருகும் எஃப் கனெக்டருக்குள் மழைநீர் இறங்கி நடுச்செம்பு பச்சை பூத்துவிடும். முனையை வெட்டிப் புதுசாகப் போட்டு, ரப்பர் டேப் சுற்றி, கனெக்டருக்குக் கீழே வயரை ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும். இது இருபது ரூபாய் வேலை. அடுத்தது, காற்றில் தளரும் கிளாம்ப் போல்ட். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு ஒரு டிகிரி திரும்பினாலே குவாலிட்டி இறங்குவது கண்ணுக்குத் தெரியும், அதன்பிறகு லேசான மழைக்கே படம் போகும். டிஷ்ஷைத் திருப்பும்போது கொஞ்சமே கொஞ்சம் திருப்பி இரண்டு மூச்சு பொறுங்கள், பாக்ஸ் சிக்னலைப் பூட்டிக்கொள்ள அவ்வளவு நேரமாவது வேண்டும். கடகடவென்று ஆட்டினால் சரியான இடத்தைத் தாண்டியே போய்க்கொண்டிருப்பீர்கள்.

பாக்ஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புது முறை) வசதி உள்ளதாக வாங்குங்கள், பழைய எம்பெக்-2 பாக்ஸில் சில சேனல்களுக்குப் படமே வராது. ரிமோட் மட்டம். திடீரென்று பாக்ஸ் தானே அணைந்து அணைந்து எரிந்தால் தூக்கிப் போடாதீர்கள், முதலில் 12 வோல்ட் அடாப்டரை மாற்றிப் பாருங்கள்.