திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கொரடாச்சேரி வரை: ஒரு வாடகை வண்டியைப் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வண்டிக்காரரின் பெயரும் போன் நம்பரும் இதில் இருக்காது. கேட்டுப் பார்த்தேன். "போட்றாத தம்பி. இருக்குறது ரெண்டு வண்டி. நீ எழுதி நாப்பது பேரு கூப்புட்டா நான் யாருக்குன்னு ஓட்டுறது?" என்றார். அதனால் இங்கே அவர் வெறும் அண்ணன்தான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்நேரம் யாரென்று தெரிந்திருக்கும்.

வேலை இதுதான். திருச்சி விமான நிலையத்தில் உங்களை ஏற்றி, தஞ்சாவூர், அம்மாப்பேட்டை, நீடாமங்கலம் வழியாகக் கொரடாச்சேரிப் பக்கம் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 2025 ஜூலைக் கடைசியில் வந்தபோது நான் கொடுத்தது 3,200 ரூபாய், சுங்கச்சாவடிக் காசையும் சேர்த்து. ஒரு வாரத்துக்கு முன்னால் போன் செய்தால் போதும். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பெட்டி, இந்த மூன்றைத்தான் கேட்பார். முன்பணம் கிடையாது.

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் வேலைக்கு மேற்பார்வை. போனது 2009-ல். 2014-லிருந்து ஒரே ஒரு தடவை தவிர ஊருக்கு வந்ததெல்லாம் அண்ணன் வண்டியில்தான்.

வண்டியின் குறைகளை முதலில் முடித்துவிடுவோம். ஏழு பேர் உட்காரும் பழைய வெள்ளை வண்டி. ஏசி முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான். நடு சீட்டில் உட்கார்ந்தால் சத்தம் வரும், காற்று வராது. வெற்றிலை போடுவார், அதனால் அவர் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் பாதி இறங்கியே இருக்கும். பார்க்கிங் காசு மிச்சம் என்று ஏர்போர்ட்டுக்கு உள்ளே வரவே மாட்டார். 2024 ஜூனில் புது முனையம் வந்த பிறகு நடக்கும் தூரம் கூடிவிட்டது. இரண்டு பெட்டியையும் இழுத்துக்கொண்டு வெளியே சாலை வரை வந்தேன். அப்புறம் இந்த 'போற வழிதான்' என்கிற சமாசாரம். யாருக்காவது ஒரு பார்சல் இருக்கும், "போற வழிதான் தம்பி, அஞ்சு நிமிசம்" என்பார். போன தடவை அந்த அஞ்சு நிமிசம் சாலியமங்கலத்திலிருந்து உள்ளே எட்டு கிலோமீட்டர். பார்சலில் இருந்தது ஒரு ரைஸ் குக்கர்.

இவ்வளவும் தெரிந்து ஏன் அவரையே கூப்பிடுகிறேன் என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த ஒரே ஒரு தடவை 2022 ஜூனில். அண்ணன் தன் மகள் கல்யாணத்தில் இருந்ததால் செயலியில் வேறு வண்டி பிடித்தேன். வண்டி புத்தம் புதிது, ஏசி எல்லாப் பக்கமும் வந்தது. அந்த வருடம் மே 24 அன்றே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுதான் முதல் தடவை என்று செய்தியில் படித்துவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்திருந்தேன். துவாக்குடி தாண்டியதும் ஆசையாகக் கேட்டேன், "தண்ணி வந்துடுச்சா தம்பி?" அந்தப் பையன் திரும்பிப் பார்க்காமலே, "பின்னாடி பாட்டில் இருக்குண்ணா" என்றான்.

அவன் மேல் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு தஞ்சாவூர் வரை எனக்குப் பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது. தஞ்சாவூரில் இறக்கிவிட்டு, "நீடாமங்கலம் ரயில்வே கேட்ல மாட்டுனா இன்னிக்கு என் பொழப்பு போச்சுண்ணா" என்று முழுக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மிச்சத்துக்கு பஸ்ஸில் வந்தேன்.

வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஊர்ச் செய்தி கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் டாமில், அதாவது தங்குமிடத்தில், ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர், அதில் நாலு பேர் டெல்டாக்காரர்கள். மேட்டூரில் 120 அடிக்கு இன்றைக்கு எத்தனை அடி, 93.47 டிஎம்சியில் எவ்வளவு நிற்கிறது, வரத்து எத்தனை ஆயிரம் கன அடி, எல்லாம் வேலைக்குப் போகும் லாரியிலேயே வாய்ப்பாடு மாதிரி ஓடும். முக்கொம்பு காணொளியும் ஓடும். 2018 ஆகஸ்ட்டில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகு உடைந்து போனதே, அதை ஒவ்வொரு வெள்ளத்துக்கும் 'இப்போது வந்த செய்தி' என்று யாராவது அனுப்பிவிடுவார்கள். நானே இரண்டு தடவை பதறிப்போய் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறேன்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள் ஆகும். அங்கே பிரிந்து வெண்ணாற்றில் விழுந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, முறை வைத்துத் திறந்து, எங்கள் மதகுக்கு எப்போது வரும் என்பதை எந்தப் பேப்பரும் போடாது. வீட்டில் கேட்டால் அம்மா "வரும்டா, நீ சாப்ட்டியா" என்பாள். அண்ணனிடம் கேட்டால், "முந்தாநாளு கணுக்கால் அளவு வந்துச்சு. நேத்து மேல யாரோ பலகையப் போட்டுட்டான், நின்னுட்டு. வெள்ளனா போயி சத்தம் போட்டாங்க, இப்ப முழங்காலுக்கு ஓடுது" என்பார். 2024-ல், வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வந்து போயும் மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அந்த ஜூனில் வந்தபோது அவர் எதுவும் சொல்லவில்லை, ஒரு பாலத்து மேல் வண்டியை நிறுத்தினார். கீழே வாய்க்காலில் பிள்ளைகள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சாவுச் செய்தியை வண்டியில் சொல்ல மாட்டார். இதை அவராகச் சொன்னதில்லை, நானாகத் தெரிந்துகொண்டது. 2016-ல் நான் விமானத்தில் இருந்தபோது சித்தப்பா போய்விட்டார். எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தஞ்சாவூரில் வண்டியை ஓட்டலில் நிறுத்தி, "சாப்புட்டுப் போயிரலாம் தம்பி" என்றார். வீட்டில் அம்மா மீன் குழம்பு வைத்திருப்பாள், வேண்டாம் என்றேன். விடவில்லை. "ரெண்டு இட்லி சாப்புடு" என்று நாலு சாப்பிட வைத்தார். காசையும் அவரே கொடுத்தார். தெருமுனையில் பந்தலையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பார்த்தபோதுதான் புரிந்தது, பிணம் எடுக்கும் வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது என்று. சாயங்காலம் வரை அந்த நாலு இட்லிதான்.

கஜா புயலையும் சொல்லத்தான் வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. எங்கள் ஊரில் கூரையோடு போயிற்று. அக்கா வீடு பேராவூரணிப் பக்கம், முன்னூறு சொச்சம் தென்னை. போன் போகவில்லை. டிவியில் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படத்தில் எல்லாத் தோப்பும் ஒரே மாதிரி படுத்துக் கிடந்தது, எது யாருடையது என்று தெரிந்தால்தானே. மூன்றாம் நாள் ராத்திரி அண்ணன் குரல் பதிவு ஒன்று வந்தது. பட்டுக்கோட்டைக்கு யாரையோ இறக்கப் போனவர், மரம் அறுத்து வழி விட்ட இடமாகப் பார்த்து ஓட்டி, அக்கா வீடு வரைக்கும் போயிருக்கிறார். "ஆளுங்க நல்லாருக்காங்க தம்பி. ஓடு பறந்துட்டு. தோப்புல நிக்கிற மரத்த எண்ணிட்டு வந்தேன், பதினொண்ணு." இதை நான் கேட்கவில்லை. அடுத்த தடவை வந்தபோது டீசலுக்கென்று ஆயிரம் ரூபாய் நீட்டினேன், வாங்கவில்லை. 'போற வழிதான்' என்றார். ரைஸ் குக்கரை நான் பொறுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேச்சு இன்னொரு கதை. ஏறும்போது என் வாயில் இருப்பது சிங்கப்பூர்த் தமிழ். அங்கே ஓவர்டைம் என்றால் ஓட்டி. காப்பி, கோப்பி, பாலும் சர்க்கரையும் இல்லாமல் வேண்டும் என்றால் கோப்பி ஓ கோசோங். வாக்கியம் முடியும் இடத்தில் ஒரு 'லா'. மதுரைக்காரன், புதுக்கோட்டைக்காரன், பங்களாதேஷ் ஆட்கள், சீன சூப்பர்வைசர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாஷை பேசிப் பேசி நாக்கு அப்படி ஆகிவிட்டது. மாத்தூர் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்பார், "என்னா தம்பி லா லாங்குற, பாட்டா பாடுற?"

செங்கிப்பட்டி தாண்டி ஒரு கடையில் டீக்கு நிறுத்துவார். அங்கிருந்து மெல்ல மாறும். மேலத்தெருப் பங்காளி மூணு மா நட்டுட்டான், கொல்லையில தண்ணி ஏறிட்டு, கருக்கல்ல கெளம்புனாங்க என்று அவர் சொல்லச் சொல்ல, உள்ளே எங்கேயோ கிடந்த சொல்லெல்லாம் எழுந்து வரும். மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று அறையில் விளக்கிச் சலித்து, அங்கே நானும் ஏக்கர் என்றே சொல்லப் பழகிவிட்டேன். வண்டியில் மட்டும்தான் மா மாவாகவே இருக்கிறது.

அதே சமயம் என்னிடம் இருக்கும் ஊர்த் தமிழும் பழசு. நான் கிளம்பியபோது இருந்த சொல்லை அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். அக்கா மகனிடம் "மொக்கை போடாதடா" என்றேன், விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது 'உருட்டாத' என்று சொல்ல வேண்டுமாம். அண்ணனுக்குக் கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கிறான், அதனால் வீட்டுக்குப் போகும் முன்னாலேயே என்னைத் தயார் செய்துவிடுவார். "ஒன்னய பூமர்னு சொல்லுவானுவோ, கோச்சுக்காத. வயசாயிட்டுன்னு அர்த்தம், அவ்வளவுதான். என்னயவும் அப்புடித்தான் சொல்றான்." எனக்கு 41. அவருக்கு 55. இரண்டு பூமர்களும் சிரித்துக்கொண்டே அம்மாப்பேட்டையைத் தாண்டினோம்.

நீடாமங்கலம் கேட்டு. தஞ்சாவூர் திருவாரூர் சாலையில் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே ரயில் போவதற்குள் தலைமுறை மாறிவிடும். இந்த முறை 35 நிமிடம். எல்லோரும் ஹாரனடித்துக்கொண்டிருப்பார்கள், அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாய்ந்துகொள்வார். கனமான செய்திகளை இதற்கென்றே வைத்திருப்பார் போலிருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று யார் நெல்லைத் திருப்பினார்கள், போன அறுவடையில் எத்தனை சிப்பம் மழையில் நனைந்து முளைத்தது, யார் வீட்டுப் பாகப்பிரிவினை கோர்ட்டுக்குப் போயிற்று, யார் பெண்ணுக்கு வரன் தகைந்தது. நாற்பது கிலோ சிப்பத்துக்கு எவ்வளவு 'கேட்கிறார்கள்' என்பதையும் சொல்வார், அதை நான் எழுத முடியாது. என் தம்பி எனக்குத் தெரியாமல் வாங்கிய கடனும் அந்தக் கேட்டில்தான் தெரிந்தது. வீட்டில் ஒரு மாதம் கழித்துச் சொன்னார்கள். அதுவரை தெரியாத மாதிரி இருந்தேன்.

எல்லா ஊர் ரகசியமும் இவருக்குத் தெரியும் என்பது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. என்னைப் பற்றி அடுத்த சவாரியில் என்ன சொல்வாரோ. நட்சத்திரம் போடச் சொன்னால் நாலு. ஒன்றைக் குறைத்தது ஏசிக்காக.

திரும்பிப் போகும்போது அதே வண்டி, அதே சாலை, ஆனால் பேச மாட்டார். ஒரு செய்தியும் கிடையாது. ரேடியோ மட்டும் ஓடும். இந்தத் தடவை சுங்கச்சாவடி தாண்டிய பிறகு திடீரென்று கேட்டார், "ஆமா, அங்க ஒங்களுக்குத் தண்ணி எங்கேருந்து தம்பி வருது?"

மழைத்தண்ணீரைத் தேக்குகிறார்கள், கடல்நீரைச் சுத்தம் செய்கிறார்கள், கழிவுநீரையும் சுத்தம் செய்துகொள்கிறார்கள், மிச்சம் மலேசியாவில் ஜொகூரிலிருந்து குழாயில் வருகிறது என்றேன். 1962-ல் போட்ட ஒப்பந்தம், ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம், 2061 வரைக்கும் செல்லும்.

"பக்கத்து ஊர்க்காரன்ட்டதானா?" என்றார். கொஞ்ச தூரம் ஓட்டினார். "நம்ம காவிரிக்கு மைசூரோட 1924-ல போட்டது. அம்பது வருசம். 74-ல முடிஞ்சுது." பிறகு என்ன ஆயிற்று என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

வண்டி வழக்கம்போல் ஏர்போர்ட்டுக்கு வெளியிலேயே நின்றது.

"2061-ல நீ எங்க இருப்ப?"

கணக்குப் போட்டேன். "எழுபத்தேழு வயசு ஆயிடும். ஊர்லதான்ண்ணே இருப்பேன்."

"அப்ப சரி" என்று பெட்டியை இறக்கி வைத்தார்.